டிராவைக் கணக்கில் சேர்க்காத விதி

யார் முதலில் இத்தனை ஆட்டம் ஜெயிக்கிறாரோ அவருக்குப் பட்டம். டிரா ஆனால் அரைப் புள்ளிகூடக் கிடையாது. எத்தனை வாரம் ஆனாலும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உலக சதுரங்கப் பட்டப் போட்டிக்குள் ஏறக்குறைய நூறு வருஷம் வந்து வந்து போன விதி இது. கேட்ட மாத்திரத்தில் நியாயமாகப் படும். ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் கவனப் பிசகு, ஒரு நாள் குருட்டு அதிர்ஷ்டம் எல்லாம் ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போய், கடைசியில் திறமை மட்டும் மிஞ்சும் என்று தோன்றும். அப்படித் தோன்றியதால்தான் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் இதற்காக மல்லுக்கட்டினார்கள்.

1886 ஜனவரியில் நியூயார்க்கில் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸும் யோஹன்னஸ் சுகெர்டார்ட்டும் எதிரெதிரே உட்கார்ந்தபோது ஒப்பந்தம் பத்து வெற்றி. முதல் உலகப் பட்டப் போட்டி என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்வது அதைத்தான். முதல் ஆட்டம் ஸ்டைனிட்ஸுக்கு. அடுத்த நான்கும் வரிசையாக சுகெர்டார்ட்டுக்கு. எட்டு ஆட்டப் போட்டியாக இருந்திருந்தால் ஸ்டைனிட்ஸ் மூட்டை கட்ட வேண்டியிருந்திருக்கும். பத்து வெற்றி என்பதால் இன்னும் தூரம் இருந்தது. செயின்ட் லூயிஸ் போனார்கள், ஸ்டைனிட்ஸ் சமன் செய்தார். நியூ ஆர்லியன்ஸ் போனார்கள், சுகெர்டார்ட் அங்கே உடைந்தே போனார். மார்ச் 29 அன்று 10-5 என்று முடிந்தது. மொத்தம் 20 ஆட்டம், அதில் டிரா ஐந்தே ஐந்து.

விதி அதன் முதல் பரீட்சையில் நன்றாகவே தேறியது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது: 9-9 என்று வந்துவிட்டால் போட்டி சமன். அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 89 வருஷம் கழித்து அந்த 9-9 ஒரு உலக சாம்பியனையே வீட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1922இல் லண்டனில் நடந்த ஒரு போட்டியின்போது அன்றைய சாம்பியன் கப்பாபிளாங்கா ஒரு காகிதத்தை நீட்டினார். அலெகைன், ரூபின்ஸ்டைன், ரெட்டி உள்ளிட்ட முன்னணி ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். லண்டன் விதிகள் என்று அதற்குப் பெயர் வந்தது. பத்து வெற்றி அதில் ஆறாகச் சுருங்கியது. டிராவுக்கு மதிப்பில்லை என்பதும், ஆட்டங்களுக்கு உச்சவரம்பு இல்லை என்பதும் அப்படியே நின்றன. கூடவே, சவால் விடுகிறவர் குறைந்தது 10,000 டாலர் பரிசுப் பணத்துக்கு வழிசெய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் அது மலை மாதிரித் தொகை. பலகையில் கப்பாபிளாங்காவை வெல்லலாம், இந்த மலையை யார் தாண்டுவது என்று பலர் ஒதுங்கினார்கள்.

தாண்டியவர் அலெகைன். 1927 செப்டம்பரில் புவனோஸ் ஐரிஸ் நகரில், அர்ஜென்டினா சதுரங்கக் கழகத்தின் பூட்டிய அறையில் ஆட்டம் தொடங்கியது. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஒருவர் தோல்விக்கு அஞ்சினார், மற்றவர் அதைவிட அஞ்சினார். 34 ஆட்டம் ஆடியதில் 32இல் ஒரே தொடக்கம், ராணிக் காம்பிட்டை ஏற்க மறுக்கும் முறை. படிப்பவர்களுக்கே கொட்டாவி வரும். நவம்பர் 29 அன்று அலெகைன் 6-3 என்று ஜெயித்தபோது டிரா மட்டும் 25. கப்பாபிளாங்கா மறுபோட்டி கேட்டார். அலெகைன் அதே லண்டன் விதிகளை எடுத்துக் காட்டி, அதே பத்தாயிரத்தைக் கொண்டுவரச் சொன்னார். அது நடக்கவே இல்லை. தான் கட்டிய வேலிக்கு வெளியே கப்பாபிளாங்கா கடைசிவரை நின்றார். எனக்கு அவர்மேல் அதிகம் இரக்கம் வருவதில்லை.

பிறகு விதி ஓய்வெடுத்தது. பட்டம் உலக சதுரங்க அமைப்பான ஃபிடேயின் கைக்கு வந்து, 1951 முதல் 24 ஆட்டம் என்று வரையறுத்தார்கள். ஜெயித்தால் ஒன்று, டிராவுக்கு அரை. 12-12 என்று முடிந்தால் சாம்பியன் பட்டத்தை வைத்துக்கொள்வார். 1951இல் பிரான்ஸ்டைனும் 1954இல் ஸ்மிஸ்லோவும் சாம்பியன் பாட்வினிக்கோடு 12-12 வரை மல்லுக்கட்டி வெறுங்கையோடு திரும்பினார்கள். தோற்காமலே தோற்றவர்கள்.

தூங்கிக் கிடந்த விதியைத் தட்டி எழுப்பியவர் பாபி பிஷர். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது: 24 ஆட்டம் என்று எண்ணிக்கை வைத்தால், முன்னால் இருப்பவர் டிரா டிராவாகத் தள்ளிக் கரை சேர்ந்துவிடுவார், ஆட்டம் செத்துப்போகும். 1972இல் ரெய்க்யவிக்கில் நடந்த பட்டப் போட்டியில் அவரே முன்னிலை பெற்ற பிறகு 14 முதல் 20 வரை ஏழு ஆட்டம் வரிசையாக டிரா ஆனது வேறு விஷயம். அவை சண்டையில்லாத டிராக்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் கணக்கு அவருக்குத்தான் சாதகமாக ஓடியது.

சாம்பியனான பிஷர், சவால் விட வந்த கார்ப்போவோடு ஆட வைத்த நிபந்தனைகள் மூன்று. பத்து வெற்றி வேண்டும். ஆட்டங்களுக்கு வரம்பு கூடாது. 9-9 என்று வந்தால் பட்டம் சாம்பியனிடமே இருக்கும். 1975 மார்ச்சில் நெதர்லாந்தின் பெர்கனில் ஃபிடே இதற்காகவே ஒரு சிறப்பு மாநாடு கூட்டியது. முதல் இரண்டுக்கும் தலையாட்டியது, மூன்றாவதை மறுத்தது. மறுத்ததன் கணக்கு எளிது. 9-9இல் சாம்பியன் தப்பிக்கிறார் என்றால் சவால் விடுபவருக்கு 10-9 என்ற வெற்றியே கிடையாது. அவர் 10-8 எடுத்தாக வேண்டும், அதாவது இரண்டு ஆட்டம் கூடுதல். பழைய 12-12இல் சவால் விடுபவர் ஒரே ஒரு வெற்றி கூடுதலாக எடுத்தால் போதும். சலுகை இரண்டிலும் உண்டு, பிஷர் கேட்டது இரட்டிப்பு. பிஷர் இறங்கி வரவில்லை. ஏப்ரலில் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் கார்ப்போவ் சாம்பியன் ஆனார்.

இதற்குப் பின் ஃபிடே செய்ததுதான் வேடிக்கை. பிஷர் போய்விட்டார், அவர் கேட்ட வரம்பில்லாத போட்டியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பத்தை ஆறாகக் குறைத்தார்கள். 1978 ஜூலையில் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் கார்ப்போவும் கோர்ச்னோயும் ஆடத் தொடங்கினார்கள். தயிர்க் கிண்ணத்திலிருந்து மனோவசியக்காரர் வரை அங்கே நடந்த கூத்துக்குப் புத்தகங்களே உண்டு, அதை விடுவோம். 27 ஆட்டம் முடிந்தபோது கார்ப்போவ் 5-2. இன்னும் ஒன்றே ஒன்று. அடுத்த நான்கு ஆட்டத்தில் கோர்ச்னோய் மூன்றை ஜெயித்து 5-5 ஆக்கினார். 32ஆவது ஆட்டத்தில் கார்ப்போவ் தப்பினார். மூன்று மாதம் ஆகியிருந்தது. பழைய 24 ஆட்டக் கணக்கில் பார்த்தால் கார்ப்போவ் 12.5-10.5 என்று எப்போதோ ஜெயித்து வீடு திரும்பியிருப்பார். அப்போதே யாராவது மணி அடித்திருக்க வேண்டும். யாரும் அடிக்கவில்லை, ஏனென்றால் 5-5 என்பது நல்ல கதை. கூட்டத்துக்குப் பிடித்திருந்தது.

பாகியோவில் போட்டியை நடத்தியவர் ஃப்ளோரென்சியோ கம்போமனெஸ். 1982இல் அவரே ஃபிடே தலைவர் ஆனார். இந்த விதியைக் கடைசியில் அடக்கம் செய்யும் வேலை அவர் தலையில் விழுந்தது.

1984 செப்டம்பர் 10. மாஸ்கோவில் தூண் மண்டபம். கார்ப்போவுக்கு 33 வயது, கேரி கேஸ்பரோவுக்கு 21. கேஸ்பரோவ் பாய்ந்து பாய்ந்து ஆடினார், கார்ப்போவ் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பறித்தார். 3, 6, 7, 9 என நான்கு ஆட்டம் கார்ப்போவுக்கு. ஒன்பது ஆட்டத்தில் 4-0. அக்டோபருக்குள் கதை முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள்.

கேஸ்பரோவ் அங்கே ஒரு காரியம் செய்தார். ஜெயிப்பதை விட்டுவிட்டார். தோற்காமல் இருந்தால் போதும் என்று டிராவுக்கு ஆடத் தொடங்கினார். 10ஆவது ஆட்டம் முதல் 26ஆவது வரை வரிசையாக 17 டிரா. கார்ப்போவும் அவசரப்படவில்லை. 6-0 என்று வெள்ளையடித்து அனுப்பினால் இந்தப் பையன் இனி எழுந்திருக்கவே மாட்டான் என்று அவர் கணக்குப் போட்டதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். 27ஆவது ஆட்டத்தில் 5-0. இன்னும் ஒரு வெற்றி. பாகியோவில் நின்ற அதே வாசற்படி.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். பழைய 24 ஆட்ட முறை இருந்திருந்தால் 12.5 புள்ளி எடுப்பவர் சாம்பியன். ஒன்பது ஆட்டத்தில் நான்கு வெற்றி, ஐந்து டிரா, ஆக 6.5. அடுத்த 12 டிராவில் இன்னும் ஆறு. 21ஆவது ஆட்டத்தில் கார்ப்போவ் 12.5ஐத் தொட்டிருப்பார், அதோடு போட்டி முடிந்திருக்கும். கேஸ்பரோவ் டிராவாகத் தள்ளித் தள்ளிப் பிழைக்க முடிந்ததே டிராவுக்கு மதிப்பில்லை என்ற விதியால்தான். டிராவை ஒழிக்க வந்த விதி டிராவையே கேடயமாக்கிக் கொடுத்தது.

32ஆவது ஆட்டத்தில் கேஸ்பரோவ் முதல் வெற்றியைப் பார்த்தார். பிறகு மறுபடி டிராக்கள். குளிர் இறங்கியது, புது வருஷம் பிறந்தது, தூண் மண்டபத்தை விட்டு நகரின் ஓரத்திலிருந்த ஸ்போர்ட் ஹோட்டலுக்குப் போட்டியை மாற்றினார்கள். ஏற்கெனவே ஒல்லியான கார்ப்போவ் சுமார் பத்து கிலோ இளைத்துவிட்டார் என்று செய்தி வந்தது. 47ஆவது ஆட்டம் கேஸ்பரோவுக்கு, 48ஆவதும் கேஸ்பரோவுக்கு. 5-3. 27க்குப் பிறகு கார்ப்போவ் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

1985 பிப்ரவரி 15 அன்று கம்போமனெஸ் அந்த ஹோட்டலில் நிருபர்களைக் கூட்டி, போட்டி முடிவில்லாமல் நிறுத்தப்படுகிறது என்று அறிவித்தார். இருவரும் களைத்துவிட்டார்கள் என்பது காரணம். கேஸ்பரோவ் தொடர்ந்து ஆட விரும்புவதாகச் சொன்னார். கார்ப்போவும் ஆடலாம் என்றார். களைத்ததாகச் சொல்லப்பட்ட இருவரும் ஆடத் தயார், களைக்காத அதிகாரி வேண்டாம் என்கிறார்! யாரைக் காப்பாற்ற நிறுத்தினார்கள் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. 5-3 என்று முன்னால் நின்றவருக்கு இழப்பா, அடுத்தடுத்து இரண்டு ஜெயித்து ஏறிக்கொண்டிருந்தவருக்கு இழப்பா என்று எந்தப் பக்கமும் வாதாடலாம். என்னைக் கேட்டால் இரண்டு பேருக்குமே அநியாயம்தான், ஆனால் அநியாயம் அன்று நடந்ததல்ல. முடிவே இல்லாமல் போகக்கூடிய ஒரு போட்டிக்கு நாள் குறித்துக் கொடுத்த அன்றே நடந்துவிட்டது.

டிராக்களை மட்டும் அடுக்கிப் பாருங்கள். 1886இல் 20க்கு 5. 1927இல் 34க்கு 25. 1978இல் 32க்கு 21. மாஸ்கோவில் 48க்கு 40. ஆட்டக்காரர்கள் தேறத் தேறத் தவறு குறைகிறது, தவறு குறையக் குறைய வெற்றி அரிதாகிறது. மனிதர்கள் தப்புச் செய்வார்கள் என்ற நம்பிக்கையில் பிறந்த விதி, தப்புச் செய்யாத இருவர் கையில் அகப்பட்டு மூச்சு முட்டியது. அதே ஆண்டு 24 ஆட்டம் திரும்பி வந்தது, 0-0இலிருந்து புதுப் போட்டி. கேஸ்பரோவ் 13-11.

இதற்குப் பிறகு ஊசல் மறு எல்லைக்குப் போனது. நீளப் போட்டி வேண்டாம், நாக் அவுட் வைப்போம் என்றார்கள். 1997 டிசம்பரில் நெதர்லாந்தின் குரோனிங்கனில் சுமார் நூறு பேர் கூடினார்கள். ஒரு எதிராளியோடு இரண்டே ஆட்டம், சமனானால் ரேபிட், அதுவும் சமனானால் இன்னும் வேகம். தோற்றவர் ஊருக்கு.

இரண்டு ஆட்டத்தில் திறமை தெரியுமா? ஓரளவு தெரியும். ஆட்டங்கள் கூடக் கூடத் திறமையின் பங்கு நேர்விகிதத்தில் ஏறும், அதிர்ஷ்டத்தின் பங்கு வர்க்கமூல வேகத்தில்தான் ஏறும். நிச்சயத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் ஆட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும். நாக் அவுட் இதற்கு நேர்மாறாக ஓடுகிறது. ஒவ்வொரு எதிராளியையும் வெல்ல 80 சதவீத வாய்ப்புள்ள ஒருவர்கூட ஆறு பேரை வரிசையாக வெல்லும் வாய்ப்பு 26 சதவீதம்தான்.

விஸ்வநாதன் ஆனந்த் அந்த ஆறு பேரையும் வென்றார். இறுதியில் மைக்கேல் ஆடம்ஸோடு நான்கு சாதா ஆட்டமும் சமன், வேக ஆட்டங்களும் சமன். ஒன்பதாவது ஆட்டத்தில்தான் முடிவு வந்தது. டிசம்பர் 30. ஆனால் அது இறுதி இல்லை! பட்டம் இரண்டாகப் பிரிந்திருந்த அந்தக் காலத்தில் ஃபிடே பக்கத்துச் சாம்பியனாக இருந்த கார்ப்போவ் ஒரு சுற்றும் ஆடாமல் நேரே இறுதிக்கு வர அனுமதிக்கப்பட்டிருந்தார். இந்தச் சலுகையைக் காரணம் காட்டி கிராம்னிக் குரோனிங்கனுக்கே வர மறுத்திருந்தார். ஜனவரி 2 அன்று சுவிட்சர்லாந்தின் லோசானில், ஒலிம்பிக் அருங்காட்சியகத்தில், வாரக்கணக்கில் ஆடிக் களைத்த ஆனந்த் ஓய்வெடுத்து வந்த கார்ப்போவுக்கு எதிரே உட்கார்ந்தார். ஆறு ஆட்டம். முதலாவது கார்ப்போவுக்கு, இரண்டாவது ஆனந்துக்கு, நான்காவது கார்ப்போவுக்கு. கடைசி ஆட்டத்தில் ஆனந்த் ஜெயித்தே தீர வேண்டும், ஜெயித்தார். 3-3. ரேபிட்டில் 0-2 என்று விழுந்தார். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் மாஸ்கோவில் உடம்பு இளைத்தவர் கார்ப்போவ். இந்த முறை களைப்பு மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தது. அடுத்த போட்டியிலேயே அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். கார்ப்போவ் ஆட வரவில்லை.

நாக் அவுட் சாம்பியன்களில் திறமை இல்லாதவர் என்று யாரையும் சொல்லக் கூடாது, 2000இல் டெஹ்ரானில் ஆனந்தே அப்படித்தான் பட்டம் வாங்கினார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வேறொரு பெயர் வந்ததால் பட்டத்தின் கனம் குறைந்தது. 2006இல் எலிஸ்டாவில் இரண்டாகப் பிரிந்திருந்த பட்டம் ஒன்றானபோது 12 ஆட்டம் என்று வைத்தார்கள், 6-6 என்றால் சாம்பியனுக்குச் சலுகை இல்லாமல் ரேபிட்.

12 ஆட்டத்தின் கோளாறு 2018இல் லண்டனில் வெளிப்பட்டது. கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 ஆட்டமும் டிரா. உலகப் பட்ட வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. 12ஆவது ஆட்டத்தில் கார்ல்சனின் நிலை மேலாக இருந்தது, கடிகாரத்திலும் அவரே முன்னால். 31ஆவது நகர்த்தலில் அவரே டிரா கேட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதிர்ந்தார்கள், ஆனால் அவர் கணக்கு சரி. ரேபிட்டில் அவரை வெல்ல ஆளில்லை. 3-0 என்று முடித்தார். டை-பிரேக் என்பது கடைசி நாளில் மட்டும் வருவதாக நினைக்கிறோம். அதன் நிழல் முதல் ஆட்டத்திலேயே விழுந்துவிடுகிறது. ரேபிட்டில் வலுவானவருக்கு ஒவ்வொரு டிராவும் பாதி வெற்றி. இதற்கு மருந்தாக இரண்டு ஆட்டம் கூட்டி 14 ஆக்கினார்கள். மருந்து போதாது என்று பலர் சொன்னார்கள்.

2024 சிங்கப்பூரில் அந்த இரண்டு ஆட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். முதல் ஆட்டம் டிங் லிரெனுக்கு, மூன்றாவது குகேஷுக்கு, பதினொன்றாவது குகேஷுக்கு, பன்னிரண்டாவது டிங்குக்கு. மற்றவை டிரா. 12 ஆட்டம் முடிந்தபோது 6-6. பழைய முறையில் அங்கேயே நின்று ரேபிட்டுக்குப் போயிருப்பார்கள், ரேபிட் தரவரிசையில் டிங் வெகு முன்னால் இருந்தார். 13ஆவதும் டிரா. டிசம்பர் 12 அன்று 14ஆவது ஆட்டத்தில் வெள்ளை டிங்குக்கு. ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் தற்காக்க முடிந்த நிலைதான். மறுநாள் ரேபிட் என்று எல்லோரும் பெட்டி கட்டத் தயாரானபோது, 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டால் பிஷப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டி வரும், பிறகு சிப்பாய் முடிவாட்டம் தோல்வி. குகேஷ் அதைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், எழுந்து நடந்தார், வந்து உட்கார்ந்து ஆடி முடித்தார். 7.5-6.5. லண்டனில் சலித்துப்போன ரசிகர்களுக்காகக் கூட்டிய இரண்டு ஆட்டத்தில் ஒன்று, ஆறு வருஷம் கழித்து சென்னையிலிருந்து வந்த 18 வயதுப் பையனுக்குப் பட்டமாக வந்து சேர்ந்தது.

டிராவைக் கணக்கில் சேர்க்காத விதி மாஸ்கோவோடு ஒழிந்துவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழுக்க உண்மை இல்லை. இன்றைய டை-பிரேக் விதிகளின் கடைசி வரியைப் படித்தால் அங்கே அது சுருண்டு படுத்திருக்கும்: எல்லாம் சமனானால் ஒவ்வொரு பிளிட்ஸ் ஆட்டமாக ஆடு, முதலில் ஜெயிப்பவர் வென்றார், வரம்பு இல்லை. பத்து ஆறாகி, ஆறு ஒன்றாகியிருக்கிறது. ஒரு ஆட்டம் சில நிமிடம் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை.

குகேஷ் ஜெயித்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் உலக பிளிட்ஸ் இறுதி. கார்ல்சன் 2-0 என்று முன்னால் போனார், நெப்போம்னியாச்சி அடுத்த இரண்டையும் ஜெயித்து 2-2 ஆக்கினார். முதலில் ஜெயிப்பவர் என்ற கட்டம் வந்தது. டிரா, டிரா, டிரா. மூன்றாவதோடு இருவரும் நடுவரிடம் போய்ப் பட்டத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்றார்கள். ஃபிடே தலைவர் ஒப்புக்கொண்டார். இரண்டு சாம்பியன்கள். அதே இரவில் அதே ஊரில், அரையிறுதியில் நம் வைஷாலியை வென்று வந்த ஜூ வென்ஜுனும் லெய் டிங்ஜியேயும் பெண்கள் இறுதியில் அதே விதிக்குள் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்கள் பகிரச் சொல்லிக் கேட்கவில்லை. ஜூ ஜெயிக்கும்வரை ஆடினார்கள்.